அக்காவின் ஒன்றேகால் வசந்தம்

1

நேற்றுக் காலை டாரதி வந்து கதவைத் தட்டினாள். மார்ச் பிறந்தும் குளிர் விடவில்லை. காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதில் அப்பிய சேறு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"கோமதி இன்னும் கிளம்பலையா? குட்டிகள் பசியில் கத்துகின்றன" என்றாள்.

கோமதி என் அக்கா. அவள் இந்தக் கிராமத்தை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது. டாரதியிடம் இப்போது ஆடு ஒன்றுகூட இல்லை. பண்ணையை விற்றுவிட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். போன கோடையிலிருந்து அவளுக்கு நினைவு தப்பித் தப்பிப் போகிறது. நான் நர்ஸ். இந்த நோயின் பெயர் எனக்குத் தெரியும். பெயரைத் தெரிந்துகொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் தெரியும்.

"இன்றைக்கு வரமாட்டாள்" என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"ஆமாம்."

"சரி, நாளைக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டு, இல்லாத பண்ணையை நோக்கி நடந்து போனாள். பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்து அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் "அந்த ஊர் எப்படி இருக்கிறது" என்று கேட்கிறார்கள். பனி, ரயில், ஆஸ்பத்திரி வேலை என்று எதையாவது எழுதி இத்தனை வருடம் ஒப்பேற்றியிருக்கிறேன். இன்று அக்காவைப் பற்றி எழுதப் போகிறேன். அவள் இந்த ஊரில் முழுதாக ஒரு வசந்தம் இருந்தாள். அடுத்த வசந்தத்தில் கால்வாசி.

2

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில், கடலிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிற கிராமம் இது. ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு மதுக்கடை, ஒரு பொதுக்கூடம். சுற்றிலும் கோதுமை வயல், ஆட்டுப் பண்ணை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. என் கணவருக்கு சர்க்கரை ஆலையில் சோதனைக்கூடத்தில் வேலை. எங்களைத் தவிர இங்கே இந்தியக் குடும்பம் கிடையாது.

எனக்கு வயிற்றில் ஓர் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. மகள் மீனாவுக்கு அப்போது ஏழு வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அம்மா இல்லை. சங்கரன்கோவிலில் அண்ணன் முத்தையாவுக்கு எழுதினேன். "அக்காளை அனுப்புதேன். இங்கன அவளுக்குப் பெருசா வேலை ஒண்ணும் இல்ல" என்று பதில் வந்தது.

வேலை இல்லை என்று அண்ணன் எழுதியதைப் படித்து என் கணவரே சிரித்தார். அக்காவைப் பனவடலிசத்திரத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். கலியாணமாகி நான்காவது வருடம் பம்ப்செட்டில் கரண்ட் அடித்து அத்தான் இறந்துபோனார். பிள்ளை இல்லை. இருபத்தாறு வயதில் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் சமையலும் அவள்தான், தறிக்கு நூல் சுற்றுவதும் அவள்தான். அண்ணன் வியாபாரமாக வெளியே கிளம்பும்போது மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவளை யாரும் போகச் சொல்வதில்லை. செருப்புச் சத்தம் கேட்டதும் அவளே போய்விடுவாள். என் கலியாணத்துக்குச் சமைத்தது அவள். தாலி கட்டும்போது அடுக்களையில் இருந்தாள்.

விமான நிலையத்தில் ஆறு மாதத்துக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பிறகு அதை ஒரு வருடமாக நீட்டிக்கொண்டோம்.

ஜனவரி கடைசியில் வந்தவள், முதல் இரண்டு வாரம் ஜன்னலை விட்டு நகரவில்லை. மொட்டை மரம், சாம்பல் வானம், நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும் பகல். "இந்த ஊருல சூரியன் செத்துப் போச்சா?" என்று கேட்டாள். பிறகு ஒரு நாள் தேவாலயத்துக் கல்லறைகளுக்கு நடுவே, பனியைத் துளைத்துக்கொண்டு வெள்ளைப் பூக்கள் தலையைத் தொங்கப் போட்டபடி வரிசையாக நின்றன. வேலி ஓரத்துச் செடிகளில் இலை வருமுன்பே மஞ்சள் பூங்கொத்துகள் நூல் நூலாகத் தொங்கின. உயர்ந்த எல்ம் மரங்களின் உச்சியில் அண்டங்காக்கை போன்ற பறவைகள் சுள்ளி சேர்க்கத் தொடங்கின. அக்கா மீனாவின் பழைய கம்பளிக் குல்லாவைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினாள்.

அப்படி இறங்கியவளைத்தான் டாரதி பிடித்துக்கொண்டாள். டாரதிக்கு அப்போது அறுபது வயதிருக்கும். புருஷன் இறந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் பண்ணையை விடாமல் நடத்தினாள். ஊர்ப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. சிவப்புக் கோட்டும் உதட்டுச்சாயமுமாகச் சேற்றில் நடப்பாள்.

"இவ புருஷன் எங்கட்டி?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"செத்துப் போயிட்டாரு."

அக்கா நம்பவில்லை. "மீனா, நீ கேட்டுச் சொல்லு" என்றாள். மீனா கேட்டுச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து டாரதியின் பண்ணைக்குப் போகத் தொடங்கினாள். குட்டி போடும் காலம் அது. தாய் செத்த குட்டிகளுக்கும் தாய் சேர்க்காத குட்டிகளுக்கும் புட்டியில் பால் கொடுக்க வேண்டும். இவள் தமிழில் பேசுவாள், அவள் இங்கிலீஷில் பேசுவாள். இரண்டு பேருக்கும் அதில் எந்தச் சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. மாலையில் மீனா பள்ளிக்கூடம் விட்டு வந்து பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பாள். நாளையும் நேற்றும் அக்காவுக்குக் கடைசி வரை மாறிமாறித்தான் வந்தன. தபால்காரரிடம் "கம் யெஸ்டர்டே" என்றாள். அவரும் தொப்பியைத் தொட்டு, முயற்சி செய்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

3

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இங்கே அன்னையர் ஞாயிறு என்பார்கள். அதற்கு முந்தின நாள் குழந்தைகள் காட்டுக்குள் போய்க் கூடை கூடையாகப் பூப் பறித்து வருவார்கள். வெளிர் மஞ்சளில் பிரிம்ரோஸ், இடையிடையே நீலப் பூ. பொதுக்கூடத்தில் பெண்கள் கூடி அவற்றைக் கம்பளி நூலால் சின்னச் சின்னக் கொத்தாகக் கட்டுவார்கள். டாரதி அக்காவையும் இழுத்துக்கொண்டு போனாள். நானும் உடன் போனேன்.

மேஜை முழுக்கப் பூ. அக்கா தள்ளி நின்றாள். எல்லோரும் கட்டத் தொடங்கிய பிறகும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். டாரதி ஒரு குவியலை அவள் முன்னால் தள்ளி, நூலையும் வைத்தாள். அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். தபால்காரர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், மதுக்கடைக்காரம்மா எல்லோரும் அவரவர் வேலையாக இருந்தார்கள். அவள் மெதுவாக ஒரு பூவை எடுத்தாள்.

ஞாயிறன்று தேவாலயத்தில் பாதிரியார், பிள்ளை பெற்றவர் பெறாதவர் என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் கொத்து உண்டு என்றார். குழந்தைகள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார்கள். மதுக்கடைக்காரம்மாவின் கடைசிப் பெண் எங்கள் வரிசையில் நின்று அக்காவிடம் ஒரு கொத்தை நீட்டினாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "எனக்கா?"

"வாங்கிக்கோக்கா."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவளே?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். பிறகு பாட்டு நடந்தது, பிரசங்கம் நடந்தது. அவள் எதையும் கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது கடல் பக்கமிருந்து அறுக்கிற மாதிரி காற்று. கோட்டின் பித்தானைத் திறந்து, பூவை உள்ளே வைத்து மூடிக்கொண்டு நடந்தாள்.

சாயங்காலம் துணி மடித்து வைக்க அவள் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தாள். கொத்திலிருந்து ஒரே ஒரு பூவை உருவி, காதோரம் செருகிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு பூவை எடுத்துத் தம்ளர் தண்ணீரில் மற்றவற்றோடு போட்டுவிட்டு, தலையை இரண்டு தரம் அழுத்தித் தடவிக்கொண்டாள். நான் துணியோடு சத்தமில்லாமல் கீழே இறங்கிவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏட்டி ஆவுடை, நான் இங்கனயே இருந்துரட்டுமா?"

4

பக்கத்து ஊர் வக்கீல் சட்டத்தை விளக்கினார். அக்கா தங்கைக்கெல்லாம் சாதாரணமாக அனுமதி கிடையாது. சொந்த நாட்டில் ஆதரவே இல்லை, துன்பத்தில் இருக்கிறாள் என்று காட்டினால் ஒரு வாய்ப்பு உண்டு. உங்கள் அக்கா உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும் என்றார்.

அந்த உள்ளதைத்தான் அக்கா என்னிடமும் அதுவரை சொன்னதில்லை. அந்த இலையுதிர்காலம் முழுக்க, அடுப்பங்கரையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அம்மை போட்டபோது தறிக்கூடத்து மூலையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார்களாம். அண்ணன் மகளுக்குச் சடங்கு சுற்றின அன்றைக்கு அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, மதினி சட்டியைக் கவிழ்த்துவிட்டால் அன்று ராத்திரி பட்டினியாம். "வேணும்னு செய்ய மாட்டா. மறந்துருவா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"இதை அப்படியே ஆபீசர்ட்ட சொல்லணும்க்கா."

"சொல்லுதேன்" என்றாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து, புது வருடம் பிறந்ததும் லண்டனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் அறையில் உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது. அதிகாரி நடுவயதுக்காரர், முகத்தில் கடுமை இல்லை. மொழிபெயர்க்க ஒரு அம்மாவை வரவழைத்திருந்தார்கள். நல்ல பட்டுச்சேலை, கண்ணாடி. அக்காவின் காகிதத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"சங்கரன்கோவிலா? நமக்குப் பாளையங்கோட்டை. சங்கரன்கோவில்ல எங்கனக்குள்ள? எங்க சித்தப்பா அங்கன தறி போட்டிருந்தாவ. உங்க தம்பி பேரென்ன?"

ஒரு வருடத்துக்குப் பிறகு எங்களைத் தவிர வேறொருவர் வாயிலிருந்து ஊர்த்தமிழ் கேட்கிறாள் அக்கா. அவளும் முகம் மலர்ந்துதான் தெருவின் பெயரைச் சொன்னாள், தம்பியின் பெயரைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மலர்ச்சி அடங்கிவிட்டது. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி கேட்டார். அந்த அம்மா தமிழில் கேட்டார். "ஊர்ல உங்கள யாரு பாத்துக்கிடுதா? எப்படி வச்சிருக்காவ?"

"என் தம்பி இருக்கான். சொந்த வீடு. தறி ஓடுது" என்றாள் அக்கா. "என்னைய ஒரு கொறையும் இல்லாம வச்சிருக்கான். ராணி மாதிரி வச்சிருக்கான்."

அந்த அம்மா சந்தோஷமாக மொழிபெயர்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

"சார், அது அப்படி இல்லை" என்று நான் எழுந்தேன். அவர் உள்ளங்கையைக் காட்டினார். "அம்மா, நான் உங்கள் அக்காவைத்தான் கேட்கிறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு அவராகவே, அப்படியானால் ஏன் இங்கே இருக்க விரும்புகிறார் என்று கேட்டார்.

அக்கா யோசித்தாள். "இந்த ஊரு நல்லாருக்கு" என்றாள்.

ரயில் லண்டனைத் தாண்டியது. பிறகு அடக்க முடியவில்லை. "ஏன்க்கா இப்படிப் பண்ணினே?"

"அவ பாளையங்கோட்டைக்காரில்லா" என்றாள். "நாளைக்கே ஊருக்கு ஒரு காயிதம் போட்டிருவா. முத்தையாவுக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்கு. கூடப்பொறந்தவளைச் சோறு போடாம வச்சிருந்தான்னு பேரு வந்தா, அந்த வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்?"

"அந்தம்மா வெளியே சொல்லக் கூடாதுக்கா. சட்டம் அது."

"சட்டம் அவ வாய்க்கு எப்படிட்டி தெரியும்?"

ஜன்னலுக்கு வெளியே உழுத வயல்களில் சால் சாலாகப் பனி கிடந்தது. கொஞ்சம் கழித்து, "வேற எவளாவது வந்திருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

5

பிப்ரவரியில் மறுப்பு வந்தது. ஊரில் போதிய ஆதரவு இருப்பதாக விண்ணப்பதாரரே கூறியிருக்கிறார் என்று எழுதியிருந்தார்கள். மார்ச் நடுவுக்குள் கிளம்ப வேண்டும்.

டாரதி ஒரு மனு எழுதிக்கொண்டு கிராமம் முழுக்க நடந்தாள். எங்களுக்கு ஒரு நாளும் வணக்கம் சொல்லாதவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டார்கள். சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. கடையில் ஒருவர் என் காதுபடவே, "ஒரு குடும்பம் போதாதா இந்த ஊருக்கு" என்றார். பாதிரியார் பாராளுமன்ற உறுப்பினரைப் போய்ப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். விண்ணப்பதாரரே சொல்லிவிட்டாரே.

அந்த வருடம் எல்ம் மரங்களுக்கு நோய் கண்டிருந்தது. இங்கிலாந்து முழுக்கவே அந்த மரங்கள் செத்துக்கொண்டிருந்தன. எங்கள் கிராமத்து மரங்களையும் இலை துளிர்க்கும் காலத்துக்கு முன்பே வெட்டிவிட முடிவு செய்தார்கள். அக்கா புறப்படும் வாரம் முழுக்க ரம்பச் சத்தம், பட்டையை எரிக்கிற புகை. கூடு இழந்த பறவைகள் சாயங்காலமானால் வந்து, மரம் இருந்த இடத்துக்கு மேலே வெறும் வானத்தில் சுற்றிச் சுற்றிக் கத்தும். அக்கா ஜன்னல் கதவைச் சாத்திவிடுவாள். கல்லறைப் பக்கத்து வெள்ளைப் பூ மட்டும் வந்திருந்தது. பிரிம்ரோஸ் இன்னும் வரவில்லை.

பொதுக்கூடத்தில் வழியனுப்பு வைத்தார்கள். தேநீர், ரொட்டி, கேக். பாதிரியார் பேசினார். அக்காவையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மீனாவிடம் படித்துவைத்ததைச் சொன்னாள். "தேங்க் யூ. ஐ ஆம் ஹேப்பி. ஐ கோ அண்ட் கம்."

போயிட்டு வாரேன் என்பதை நம் வழக்கப்படி சொன்னாள். வேறு எப்படிச் சொல்வது? அவர்கள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு கை தட்டினார்கள். டாரதி முன்னால் வந்து, "எப்போது வருவாய்?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை. "யெஸ்டர்டே" என்றாள் அக்கா. கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். டாரதி சிரிக்கவில்லை.

விமான நிலையத்தில் மீனா அழுது புரண்டாள். ஒரு வருடம் அவளோடு தமிழில் பேச வீட்டில் ஒரு ஆள் இருந்தது. அதன் பிறகு நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பிறகு கேட்பதையும் நிறுத்திக்கொண்டோம். போன வாரம் பெரியம்மாவை ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன். அவளுக்கு இப்போது பதினான்கு வயது. படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "கொஞ்சம்" என்று இங்கிலீஷில் சொன்னாள். "குல்லா போட்டிருப்பாங்க இல்லையா?"

6

போன வருடம் அண்ணனின் மூத்த மகளுக்குக் கலியாணம். நான் மட்டும் போனேன். ரயிலில் இறங்கி வீட்டுக்குப் போனால், வாசலில் பந்தல், உள்ளே உறவுக் கூட்டம். தறிகளை ஒதுக்கிக் கூடத்தைக் காலி செய்திருந்தார்கள். அக்கா எங்கே என்று கேட்டேன். "அடுக்களையில" என்றார் மதினி.

போய்ப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பெரிய சட்டியில் புளி கரைத்துக்கொண்டிருந்தவள், கையைக் கழுவாமலே என் முகத்தைத் தொட வந்து, நிறுத்திக்கொண்டாள். "டாரதி எப்படியிருக்கா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

கலியாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். அடுக்களையை ஒட்டின அறையில் அண்ணனும் நானும் உட்கார்ந்திருந்தோம். நல்ல சம்பந்தம் என்று அண்ணன் பூரித்துப் போயிருந்தார். மாப்பிள்ளைக்கு வாசுதேவநல்லூரில் நஞ்சை, கூடப் பஞ்சாயத்து ஆபீசில் உத்தியோகம். "நம்ம குடும்பத்தைப் பத்தி நாலு எடத்துல விசாரிச்சுட்டுத்தான் வந்தாவ. ஒருத்தன் ஒரு கொறை சொல்லலயே" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. லண்டன் அறையில் நடந்ததைச் சொன்னேன். அங்கேயே இருந்துவிட அக்கா எவ்வளவு ஆசைப்பட்டாள், என்ன சொன்னால் விட்டிருப்பார்கள், அவள் என்ன சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னேன். "ராணி மாதிரி வச்சிருக்கான்னு சொன்னாண்ணே. ஒன் பிள்ளைகளுக்காகச் சொன்னா."

அண்ணன் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. அழப்போகிறார் என்றே நினைத்தேன்.

"உள்ளதைத்தானட்டி சொல்லியிருக்கா" என்றார். "நான் அவளுக்கு என்ன கொறை வச்சேன்?"

அதற்குள் பந்தல்காரர் கூப்பிட, எழுந்து போய்விட்டார். அவர் நடிக்கவில்லை.

அடுக்களைக்குள் போனேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, குனிந்தபடியே பேசினாள்.

"அந்த ஆபீசரு நம்புனான். தம்பியும் நம்பிட்டான். ஒனக்கு மட்டும் என்னட்டி?"

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னை எழுப்பி, தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். வாசலில் கார் வந்து நின்றது. யாரோ, மாப்பிள்ளை வீட்டார் வந்தாச்சு என்று குரல் கொடுத்தார்கள்.

"போ, முன்னால போய் நில்லு. வந்தவங்களை வாங்கன்னு கேளு" என்று என்னை வெளியே தள்ளினாள். பிறகு உள்பக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.